கண்ணாடி வீட்டில் நான் போட்ட எட்டுத் துளைகள்

ஹம், ஜேர்மனி
12 நவம்பர் 2025, புதன் இரவு

என் அன்பு மகள் மெலனிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள் பிள்ளை, மணி ஒன்றரையாகிறது, கட்டிலுக்கும் குசினிக்குமாக நடந்து களைத்துக் கடைசியில் கொப்பியை எடுத்தேன். நீயும் மருமகன் தம்பி பென்ஜமினும் சுகமாயிருக்க மருதமடு மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், சுகம் என்றால் அப்பாவுக்குக் குனிய ஏலாத நாரி நோவு, குறட்டைக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. லவினியாவுக்குப் பள்ளிக்கூடத்தால் மூன்று கிழமை வேலை பழக இன்னும் ஓர் இடம் அகப்படவில்லை, எனக்கும் அக்காவைப்போல இங்கிலாந்துதான் சரிவரும் என்று என் காதில் விழும்படியாகவே சொல்லித் திரிகிறாள். இந்தக் கடிதத்தைக் காலையில் அவள் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், தாள் பிறகு தபாலில் வரும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் தொலைபேசியை எடுத்தால் நான் உன் வீட்டுத் தட்டைக் கூரை ஒழுகும், மறைப்பில்லாத குசினியில் கருவாடு பொரித்தால் கட்டில்வரை மணக்கும் என்றுதான் தொடங்குவேன், அது உனக்கும் தெரியும். உன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்து பதினொரு நாளில் பதிலென்று நீ கைபேசியில் அனுப்பியது மூன்று பெருவிரல் படங்கள்.

சனிக்கிழமை மிஸிஸ் பார்லோ உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று பென்ஜமின் அப்பாவுக்குச் சொன்னாராம். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மனுசியின் கணவர் தன் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக 1961இல் தானே வரைந்து கட்டிய வீடு, அதை மாற்றாமல் வைத்திருக்கக்கூடியவர்களுக்குத்தான் விற்பேன் என்று அந்த மனுசி சொல்லி, உங்களை ஆறு மாதம் வாடகைக்கு இருத்திப் பார்த்தவர். அந்த ஆறாவது மாதத்தில் வந்துதான் நான் இந்த வேலையைச் செய்தேன். இரவில் கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிச் சுவரின் மரச்சட்டமும் அதில் வரிசையாக எட்டுத் துளைகளும்தான் தெரிகின்றன. பதினெட்டு வருடமாக ஓர் அலுவலகத்தில் இருந்து பிறர் வீடுகளுக்கு யன்னல் வரைகிறவள் நான், எந்த மரத்தில் துளை போடலாம் எதில் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெரிந்துகொண்டுதான் போட்டேன்.

நீ கேட்டாய், ஏன் என்று. நான் உனக்குச் சரியான பதில் சொல்லவில்லை. நான் வந்த இரண்டாம் நாள், நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தீர்கள், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. விறாந்தையின் ஒரு பக்கம் நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி, ஒரு திரை இல்லை, வெளியில் அப்பிள் மரங்கள், அதற்கப்பால் வயல், வயலுக்குள்ளால் ஊராரெல்லாம் நடக்கிற ஒற்றையடிப் பாதை. நான் விளக்கைப் போட்டேன், போட்டதும் வெளியில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் நான்தான் தெரிந்தேன். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு மனிதர் நாயோடு பாதையில் நின்று என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார். நல்ல மனிதராய்த்தான் இருப்பார், அந்த ஊரில் எல்லோரும் கை காட்டுகிறார்கள். நான் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் குசினித் தரையில் இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு எழும்பி, பென்ஜமினின் துளைக்கிற மெசினை எடுத்துத் திருகாணி பூட்டிக் கயிறு கட்டி, உன் அலுமாரியிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு நாலையும் தொங்கவிட்டேன். நீ வந்து வாசலில் நின்றபடியே, "என்னம்மா, செத்தவீடு மாதிரி வெள்ளை கட்டி வைச்சிருக்கிறியள்" என்றாய், பிறகு துளைகளைக் கண்டதும் உன் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். "என்ர வீடு பிடிக்கேல்லையெண்டால் வாயால சொல்லியிருக்கலாம்தானே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய். பென்ஜமின்தான் பாவம், "மாமி, இந்த ஊரில கள்ளன் வந்தாலும் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் வருவான்" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

திரும்பி வந்த அன்றே, என் தகப்பன்தானே என்று அம்மப்பாவிடம் போய் உன்னைப் பற்றி முறைப்பாடு சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளை, தாய்க்கு மரியாதை இல்லை, ஓர் ஓட்டைக்கு இவ்வளவு கோபமா என்றெல்லாம் அடுக்கினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, "எத்தினை ஆணி பிள்ளை?" என்றார். எட்டு என்றேன். "எனக்கு ஆறுதான் கிடைச்சது" என்றார்.

மெலனி, உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத விசயம் இது. 1992இல் எனக்குப் பதினொரு வயது, நாங்கள் இங்கே ஹைம் என்கிற அகதிகள் விடுதியில், பெருந்தெருவோரம் கீழ்மாடியில் ஓர் அறையில் இருந்தோம். அந்த வருடம் வேறு ஊர்களில் இப்படிப்பட்ட ஹைம்களுக்கு நெருப்பு வைத்ததை ரி.வி.யில் காட்டினார்கள். ஒரு மாலை எங்கள் பக்கத்து அறை யன்னலுக்கும் கல் வந்தது. அடுத்தநாளே அம்மப்பா எங்கிருந்தோ ஆணிகள் எடுத்துவந்து, ஹைமில் போர்க்கத் தந்த கம்பளியை யன்னல் சட்டத்தில் அடித்துவிட்டார். கட்டடத்தைப் பார்க்கிற மனிதர் வந்து மரத்தைப் பழுதாக்கியதற்கு அவரைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஏசினார், அம்மப்பாவுக்கு அப்போது அதற்குப் பதில் சொல்ல ஜேர்மன் ஏலாது. அந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டினால் எங்களுக்கு விளக்கில்லை, வீட்டுப்பாடம் எல்லாம் யன்னலில்லாத குளியலறையில். பிறகு வளர்ந்து, படித்து, வேலை எடுத்து, இந்த வீட்டுக்கு வந்தபோது பொத்தானை அமத்தினால் யன்னலை முழுதாக மூடுகிற ரோலாடன் இருந்தது, இருட்ட முதலே அதை இறக்குவேன், இந்தத் தெருவில் எல்லாரும் இறக்குகிறார்கள்தானே, அதனால் என்னிடம் ஒரு பழுதும் இல்லை என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அங்கே உன் வீட்டில் இறக்குவதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்பது பொய். நான் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கத் தொடங்கியபோது இப்படி வீடுகளைத்தான் பேராசிரியர் திரையில் காட்டுவார். உள்ளே தொடங்குகிற செங்கல் சுவர் கண்ணாடியைத் தாண்டி வெளியே தோட்டத்துக்குள் அப்படியே போகிறதே, அதை முதல்நாள் காலையில் கையால் தடவிக்கொண்டு போனேன், நீ பார்க்கவில்லை. இருபது வயதில் நீ வயிற்றில் இருக்கும்போது அப்படியொரு வீட்டைத்தான் சோதனைக்கு வரைந்தேன், அதன் பிறகு வாழ்க்கை முழுக்கக் குளியலறைகளும் படிக்கட்டுகளும்தான் வரைகிறேன், அதில் கவலை இல்லை. ஆனால் நான் ஆசைப்பட்ட வீட்டில் என் பிள்ளை விளக்கைப் போட்டுவிட்டு, வெளியில் யார் நிற்கிறார்கள் என்று பாராமல் கால் நீட்டிப் புத்தகம் வாசிக்கிறாளே, அந்த வீட்டுக்கு நானே கம்பளி அடித்துவிட்டேனே.

நேற்று மார்ட்டின் திருநாள், சின்னப் பிள்ளைகள் கையில் கடதாசிக் கூட்டு விளக்குகளோடு பாடிக்கொண்டு தெருவால் போனார்கள், நீ ஒருமுறை முள்ளம்பன்றி வடிவில் விளக்குச் செய்துகொண்டு போனது நினைவிருக்கும். நான் ரோலாடனை ஏற்றிவிட்டு, உள்ளே விளக்கையும் எரியவிட்டு, யன்னலில் நின்றேன். பத்து நிமிடம்தான் ஏலுமாயிருந்தது. பிறகு இறக்கிவிட்டேன். லவினியா, "என்னம்மா, பேயைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

இனிப் புத்தி சொல்லாமல் விடமாட்டேன். துளைகளைக் கடையில் விற்கிற பசையால் அடைக்காதே, காய்ந்தால் நிறம் வேறாகத் தெரியும். அறை அலுமாரியின் பின்பக்க அடிச்சட்டம் அதே மரம், அதில் துண்டெடுத்துச் சிறு குச்சிகளாகச் சீவி, மரத்தின் வரி போகிற பக்கமாகப் பொருத்தி ஒட்டி உரசச் சொல்லிப் பென்ஜமினுக்குச் சொல், ஆனால் மிஸிஸ் பார்லோ வந்து போகுமட்டும் தொடவேண்டாம். அவருக்குத் துளைகளைக் காட்டு. மறைத்து வைத்து அவர் கண்டுபிடித்தால் அதுதான் வெட்கம். போட்டது நீங்கள் இல்லை, நான் என்று நானே அவருக்கு ஒரு கடிதம் எழுத ஆயத்தம், கம்பளியையும் ஆறு ஆணியையும் சேர்த்து எழுதுவேன். எனக்கு அது வெட்கமில்லை. ஆனால் உன்னைக் கேளாமல் உன் வீட்டில் இனி ஓர் ஆணியும் அடிக்கமாட்டேன், ஒரு கடிதமும் அனுப்பமாட்டேன்.

மாதா உங்கள் இருவரையும் தன் கையில் வைத்திருக்கட்டும். சுவரில் ஒற்றைக் கண்ணாடிதான், இரவில் குளிர் இறங்கும், வெறுங்காலோடு நடக்காதே, கால் மேசு போடு. நான் எழுதட்டுமா வேண்டாமா என்று ஓம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல். பெருவிரல் வேண்டாம். சனிக்கிழமைக்கு முதல் பதில் போடு பிள்ளை.

உன் அம்மா
பிளோறன்ஸ்