குங்குமம் வைத்த பேட்

குழல்வாய்மொழி,

தீயலைச் சூடுபண்ணிச் சாப்பிடு. நான் புளியறை செக்போஸ்ட் டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

பேட் கனமாக இருக்கிறதென்று நேற்றிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. பூப்பந்து புதிதாகப் பழகுகிறவளுக்கு லேசான பேட்தான் நல்லதென்று எனக்கு யார் சொன்னார்கள்? மண்வெட்டி வாங்குவதுபோல், கனமானதுதான் உழைக்கும் என்று எடுத்துவிட்டேன்.

காலையில் மாற்றக் கொண்டுபோனேன். "பொட்டு வச்சு சாமி கும்பிட்டத எப்படி இன்னொருத்தருக்கு விக்கது?" என்று கடை அண்ணாச்சி கேட்கிறார். வாங்கி வந்ததும் குங்குமம் வைத்தவன் நான்தானே.

சாயங்காலம் டீச்சர்கள் ஆட்டத்துக்கு நீ அதைத்தான் எடுத்துப்போக வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பி.கு.: பொட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். இப்போது நரம்பும் தொய்ந்துவிட்டது. காயவைக்க வெயில் இல்லை, சாரல் பிடித்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரு குடை. அதைப் பேட்டுக்கு வைத்துவிட்டுப் போகிறேன்.