முயல் தீவில் அவசரப்படாத ஒரு சாயங்காலம்

பக்கத்து வீட்டில் பனங்கிழங்கு அவிக்கிறார்கள். மஞ்சளும் உப்பும் சேர்ந்த அந்த ஆவி சுவர் தாண்டிக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. நாளைக்குக் காணும் பொங்கல். துறைமுகத்தைத் தாண்டி முயல் தீவுக்கு ஊரே கிளம்பும். நான் கடையில்தான் இருப்பேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

பலசரக்குக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வருஷத்தில் கிடைத்த உல்லாசப் பயணம் அது ஒன்றுதான். அதிலும் நீ கால் நனைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவேன்: "ஏளா, சாயங்கால யாவாரம் போச்சு, கெளம்பு!" நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே பதில் கொடுப்பாய்: "கடலுக்கு வந்தும் ஒங்களுக்குக் கல்லாப்பெட்டி நெனப்புதான்." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம் ஏறும்.

நாம் கடைசியாகத் தீவுக்குப் போன வருஷம், போகிக்கு முந்தின நாள், டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு உன் பரிசோதனை முடிவைச் சொன்னார். வயிற்றில் இருந்தது சாதாரணக் கட்டி இல்லை. பொங்கல் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். உன்னிடம், முடிவு வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் பானைக்கு மஞ்சள் குலை கட்டினேன். லீவு முழுக்க முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மாட்டிக்கொண்டது கடைசி நாளில், தீவில்.

வெயில் தாழ்ந்துவிட்டது. வெளிக்கடலில் கப்பல்கள் முறைக்காகக் காத்து நின்றன. உடைமர நிழலில் கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்த நீயே, "நேரமாச்சே, கெளம்புவமா?" என்று கேட்டாய்.

"இரி. என்ன அவசரம்? இன்னுங் கொஞ்ச நேரம் காத்து வாங்கு" என்றேன்.

உன் கை நின்றுவிட்டது. நீ என்னைப் பார்த்த பார்வையை இன்றும் தாங்க முடியவில்லை.

"ரிசல்ட் வந்துட்டா?"

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று இழுத்தேன். நீ அழவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவே அழுதது நான்தான். நீ சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாய்.

"எப்பவும் போல சத்தம் போடுங்க. நீங்க தணிஞ்சு பேசுனாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

போட்டேன். யாவாரம் போச்சு, கெளம்பு என்று கூட்டமே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன். அன்று இருட்டின பிறகும் கடையைத் திறந்தோம். நீ என் எதிரே உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டினாய்.

மதுரையிலும் அப்படியே நடந்தது. கஞ்சியை மிச்சம் வைத்தால் ஒரு அதட்டல், மாத்திரையைத் தள்ளினால் ஒரு அதட்டல். பக்கத்துக் கட்டில் அம்மா பொறுக்க மாட்டாமல், "சீக்காளிகிட்ட இப்படியா எரிஞ்சு விழுவாக?" என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டாள். நீ கண்ணை மூடியபடியே சிரித்தாய்.

கடைசிக் காலையில் உனக்கு மூச்சு வாங்கியது. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும். விழுங்கிக்கொண்டு, "எந்திரி ளா, கடையத் தொறக்கணும்" என்றேன். என் விரலை லேசாக அழுத்தினாய். அவ்வளவுதான்.

விழுங்கிய அந்த வார்த்தை என்னிடமே இருக்கிறது. வாடிக்கைக்காரர் யாரும் இல்லாத மத்தியானங்களில் அதை எனக்கே தணிந்த குரலில் சொல்லிப் பார்க்கிறேன். நீ சொன்னது சரிதான். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது.