உன் வாப்பா கழற்றாத தொப்பி

அன்பு மகன் இன்ஷாபுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் கூடப்பிறந்த றிப்னா ராத்தாவும் அவள் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். மாத்தளையில் பத்து நாளாக விடாத மழை, மிளகு காயப்போட வழியில்லை, என் முழங்கால் வலியும் அப்படியேதான். போனில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லி ராத்தாவிடம் கொடுக்கிறேன்.

ஜெஸ்லாவோடு பேசிய நிக்காஹ்வை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டு, துருக்கிக்குப் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டு வரப்போகிறேன் என்கிறாய். லீவு கிடைக்கவில்லை என்று அவள் வீட்டில் சொல்லச் சொன்னாய், நானும் பிள்ளைப் பாசத்தில் சொல்லிவிட்டேன். வில்கமுவ வயல்களில் நாற்று நடுவார்கள், தலையில் முடி நடுவதை உன்னிடம்தான் கேள்விப்படுகிறேன். உங்கள் காலத்துக் கதாநாயகர்கள் நரைத்த தாடியும் ஏறிய நெற்றியுமாக வந்தாலே விசில் பறக்கிறது, எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் பேரன் எடுத்த நடிகரும் டோப்பா வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போவார். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, தெருவே எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும். நெற்றியில் முடி விழுகிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று குமர்ப்பிள்ளைகள் நாங்கள் பின்னால் இருந்து குசுகுசுப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது.

அப்படிப்பட்ட என்னைத்தான் உன் வாப்பா தலையை இறுக்கிப் பிடித்த தொப்பியோடு பெண் பார்க்க வந்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும்போது அவர் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்துவிட்ட உன் மர்சூக் மாமா, ஓடிவந்து ஆளுக்கு உச்சி முழுக்க வழுக்கை என்று என்னிடம் சொன்னார். என் முகம் விழுந்துபோனது உண்மை. ஆனால் வந்தவர், என் வாப்பாவுக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது. நானும் அன்றைக்கு அரை டின் பவுடர் பூசிக்கொண்டுதான் நின்றேன், அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. கலியாணம் முடிந்து பதினொரு நாள், தூக்கத்திலும் அவர் தொப்பியைக் கழற்றவில்லை, நானும் தெரியாதவள் போல இருந்தேன். பன்னிரண்டாம் நாள் நானே கழற்றி எண்ணெய் தேய்த்துவிட்டேன், மனுஷன் அழுதுவிட்டார். மௌத்தாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துவிட்டேன். உனக்கு வந்திருப்பது அந்தத் தலைதான் மகன், அதை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன ஞாயிறு ஜெஸ்லா கலேவெலயிலிருந்து தன் உம்மாவோடு வந்தாள். குசினியில் எனக்கு உதவிக்கொண்டு நின்றவளின் முகத்தைப் பார்த்து என்னால் மறைக்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு, “முடி இல்லாட்டிப் பரவாயில்ல மாமி. லீவு இல்லன்னு சொன்னாங்களே, அதத்தான் யோசிக்கிறேன்” என்றாள். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது, என் பாதிக்கு நான் அவளிடம் மாப்புக் கேட்டுவிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல வாழ்க்கையையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. எனக்குப் பதில் எழுத வேண்டாம், முதலில் அவளுக்குப் போன் எடு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான உம்மா,
முனவ்வரா
மாத்தளை