வேன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கல்

நானா,

சென்ற சனிக்கிழமை காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் வீட்டு முன்கதவுக்கு ஒரு ரப்பர் ஆப்பு வாங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. மனைவி ஆதரித்தாள். மகள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டாள். தீர்மானம் அன்று பகலே நடைமுறைக்கு வந்தது. மஹய்யாவ ஏற்றத்தில் காற்று எந்த நேரம் எந்தக் கதவை அறையும் என்று சொல்ல முடியாது. ஆகவே இத்தனை வருடமும் அந்தக் கதவை ஒரு கல் பிடித்துக்கொண்டிருந்தது. கல் அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது.

காரணம் என் பேரன். ஆறாம் தரத்தில் படிக்கிறான். விசையைப் பற்றிய பாடத்துக்கு, இழுத்துப் பார்க்கக் கனமாக ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் காலை, பள்ளிக்கூடம் போகுமுன், கதவருகே குந்தியிருந்து கல்லைப் புரட்டினான்.

"தாத்தா, கல்லுக்கு அடியில எதுக்கு வெள்ளப் பெயின்ட்?"

"அது அப்பிடியேதான் கெடச்சிச்சு."

"பெயின்ட் அடிச்சா கெடச்சிச்சு?"

இவன் உங்களுக்குச் சொந்தக்காரனோ என்று சந்தேகம் வந்தது. ஒரு செங்கல்லைக் கொடுத்து அனுப்பினேன். அவன் போகும் வேன் உங்கள் தங்கையின் கணவருடையது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வேனில் அந்தக் கல்லை ஏற்ற எனக்குத் துணிவில்லை.

அது உங்களுடைய கல், நானா. உங்கள் வேனின் பின்சக்கரத்துக்கு நீங்கள் வைத்த கல். அதை எடுத்தவன் நான். இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் கிடைத்தது. நீங்கள் மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் எதையும் நம்பாதவர். வேனுக்கு எண்ணெய் நிரப்பும்போது இறங்கிப் போய் மீட்டருக்கு முன்னால் கைகட்டி நிற்பீர்கள். தேநீர்க் கடையில் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பீர்கள், கடைக்காரர் உங்கள் சின்னம்மா மகனாக இருந்தும். வானொலி மழை இல்லை என்றால் குடையோடு வருவீர்கள். மழை என்றாலும் குடையோடு வருவீர்கள், ஆனால் அவர்கள் சொன்னதற்காக அல்ல.

மடவளையிலிருந்து பதினாறு பிள்ளைகளைக் கொண்டுவந்து, நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூட வாசலில் இறக்குவீர்கள். வேனை ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அதையும் நம்பாமல் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைப்பீர்கள். நம் ஊர்ச் சரிவுகளில் எல்லாச் சாரதிகளும் கல் வைப்பார்கள். கல்லின் ஒரு பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தவர் நீங்கள் ஒருவர்தான். இல்லாவிட்டால் மற்றவர்கள் தங்கள் கல் என்று கொண்டுபோய்விடுவார்களாம்.

"பிரேக் மனுசன் செஞ்சது மாஸ்டர். கல்லு அல்லாஹ் படைச்சது," என்பீர்கள். "எனக்கி இந்த ஊருல நம்பிக்கை ஈக்கிறது ரெண்டுலதான். ஒண்டு இந்தக் கல்லு. மத்தது நீங்க."

வரிசையில் கல்லை முதலில் வைத்தது சரியான மதிப்பீடு.

அன்று எனக்கு உராய்வு படிப்பிக்க வேண்டியிருந்தது. கையில், இழுக்கும் விசையை முள்ளால் காட்டும் விற்றராசு இருந்தது, அதில் கொளுவி இழுக்க ஒன்றும் இல்லை. வழக்கமான மரக்கட்டையை யாரோ ஆசிரியர்களின் தேநீருக்கு அடுப்பில் வைத்துவிட்டார்கள். வாசலுக்கு வந்தேன். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். வேன் அசையாமல் நின்றது. நிற்கிற பொருள், வெளியிலிருந்து ஒரு விசை வந்து அதைக் குழப்பும்வரை நின்றுகொண்டே இருக்கும் என்று நான் பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். கல்லை லேசாக ஆட்டினேன். கழன்று வந்தது. வேன் நகரவில்லை. விஞ்ஞானத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை கூடியது.

விசை ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. வேனைச் சரிவில் கீழே இழுப்பதைப் பூமி ஒரு கணமும் நிறுத்தவில்லை. பிரேக்கின் உராய்வும் கல்லும் சேர்ந்து அந்த இழுவையைச் சமன் செய்துகொண்டிருந்தன. நான் இரண்டில் ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

பெயின்ட் பக்கம் கீழே இருக்கும்படி கல்லை மேசையில் வைத்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"சேர், இது வேன் அங்கிளோட கல்லு மாதிரியே இருக்குங்க சேர்."

"கல்லுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீயே வந்து மொதல்ல இழு."

சீமெந்துத் தரையில் இழுத்தாள். விற்றராசின் முள் பாதி வரை இறங்கியது. மணல் பரப்பிய பலகையில் இன்னும் இறங்கியது. பிறகு பென்சில்களை வரிசையாக அடுக்கி அவற்றின் மேல் வைத்தோம். சுண்டுவிரலால் இழுத்ததுபோல் கல் ஓடியது.

"உருண்டா லேசுங்க சேர்!" என்று வகுப்பே கத்தியது.

அந்த நேரத்தில் வெளியே ஒரு மணல் லொறி தெருவை அதிரவைத்துக்கொண்டு ஏறியது. தேய்ந்த பிரேக் கேபிளுக்கு அந்த அதிர்ச்சி போதும். உருண்டால் லேசு என்பதை உங்கள் வேனும் கண்டுபிடித்தது. பின்னோக்கிப் போய், பொதுக்குழாயடியில் வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைத் தட்டையாக்கி, மதிலில் மோதி நின்றது. குடத்துக்குரியவர்கள் நிழலில் ஒதுங்கியிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் ஓடி வந்தபோது வேனைப் பார்க்கவில்லை. சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தீர்கள்.

"கல்லு எங்க?"

"தேடிப் பாப்போம் நானா," என்றேன்.

தேடினோம். வடிகானுக்குள் தேடினோம், மதிலுக்கு அந்தப் பக்கம் தேடினோம். கால் மணி நேரம் நானும் உங்களோடு குனிந்து தேடினேன்.

"கல்லுக்குக் கால் இல்ல மாஸ்டர். ஆரோ எடுத்தீக்கிறான்."

இடைவேளையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்; பள்ளி அதிபர் பக்கத்தில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டதும் சொல்லலாம் என்றிருந்தேன். பெற்றோர் வந்து நின்றார்கள். வெள்ளிக்கிழமை சொல்லத் தயாராக வந்தேன். அதற்குள் பதினாறு பிள்ளைகளும் உங்கள் மச்சானின், அதுதான் தங்கையின் கணவரின், வேனுக்கு மாறியிருந்தார்கள்.

"லாபம் ஆருக்கெண்டு பாருங்க மாஸ்டர். அவன்தான் எடுத்தீக்கிறான்."

"அப்பிடி அவசரப்பட்டுச் சொல்ல ஏலாதுங்க நானா."

"நீங்க நல்ல மனுசன். ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

நீங்கள் வேனை விற்றுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போனீர்கள். பெருநாளைக்குத் தங்கை வரவில்லை. அவர் மகளின் கல்யாணத்துக்கு நீங்கள் போகவில்லை. நகர்கிற பொருள் எதிலாவது மோதும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்குச் சடத்துவம் என்று பெயர் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் சந்தேகம் எதிலும் மோதவில்லை. மோதக்கூடிய ஒரே பொருள் எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் சோக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்குப் பின்னால் வருபவர் நேர்மையானவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

போன வருடம் மழைக்கால முடிவில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? மூச்சு வாங்கிக்கொண்டு வாசற்படி ஏறினீர்கள். கதிரையில் உட்கார்ந்தவர், பேசிக்கொண்டே கால் விரலால் கல்லைப் புரட்டினீர்கள். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. நான் காலநிலையைப் பற்றிப் பேசினேன். நீங்கள் திரும்ப அதே விரலால் பழையபடி வைத்தீர்கள்.

"நல்ல கனம் மாஸ்டர். லேசில நகராது."

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தீர்கள். பிறகு குடித்தீர்கள். எங்கள் வீட்டுத் தேநீரை நீங்கள் முகர்ந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகும் நீங்கள் மச்சானிடம் போகவில்லை. தெரிந்துதான் போகவில்லையா, அல்லது தேயிலையில்தான் ஏதும் வாசம் இருந்ததா? தேயிலையைப் பிறகு நானும் முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

உங்கள் ஜனாஸாத் தொழுகையில் மச்சானைக் கண்டேன். கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, வீட்டுக்குள் வராமல் தெருவோடு போய்விட்டார்.

ஆப்பு வாங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கல்லைப் பையில் வைத்துக்கொண்டு மடவளை பஸ்ஸில் ஏறினேன். உங்கள் மச்சான் முற்றத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல்லை வேனின் பக்கத்தில் வைத்து, வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் குழாயை மூடினார்.

"நான் எடுக்கல்லண்டு எனக்கித் தெரியும்," என்றார். "ஆரெண்டுதான் தெரியாம ஈந்திச்சி. மௌத்தாக முந்தி மச்சானுக்குத் தெரிஞ்சிச்சா?"

"தேத்தண்ணிய மோந்து பாத்தாருங்க."

அவருக்கு அது போதுமாக இருந்தது. ஈரக் கையோடு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் தங்கை சுளகைக் கீழே வைக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"அந்தக் கல்லக் கொண்டுபோகச் சொல்லுங்க," என்றார் கணவரிடம்.

கொண்டுவந்தேன். திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பையைக் கீழே வைக்க மனமில்லாமல், மஹய்யாவ வரை ஒரு கையில் கம்பியும் மறுகையில் கல்லுமாக நின்றே வந்தேன். வளைவுகளில் கல் எப்போதும் பஸ் திரும்பாத பக்கத்துக்கே போகப் பார்த்தது. இப்போது என் மேசையில், வெள்ளைப் பக்கம் மேலே தெரிய இருக்கிறது. இந்தத் தாளை மின்விசிறிக் காற்றில் பறக்காமல் பிடித்திருப்பது அதுதான்.

திங்கட்கிழமை உங்கள் மச்சானின் வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. பேரன் இப்போது பஸ்ஸில் போகிறான்.