மணி அடிக்காத கோலி

பிப்ரவரி 14, திங்கள்

கரமோ போய் ஐம்பத்தாறு நாள். இந்த நோட்டு அவர் அலமாரியில் கிடந்தது. அட்டையில் தேசிய மன்றத்தின் முத்திரை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பார்கள். என் புருஷன் ஒன்றிலும் ஒரு வரி எழுதியதில்லை. நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் வருகிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

புருஷன் இறந்ததற்காக இருக்கும் இத்தா முடிய இன்னும் எழுபத்திரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 19

சாயங்காலமானால் காது வாசலுக்குப் போய்விடுகிறது. வேலை விட்டு வந்ததும் சைக்கிள் மணியை ஒரே ஒரு தரம் அடிப்பார். "ஒரு ஓட்டு விழுந்தாச்சு, தீதா. தேத்தண்ணி போடு" என்பார்.

சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. துடைத்தேன். மணியைத் தொடவில்லை.

மார்ச் 6

மன்றத்துப் பெரிய மண்டபத்தின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்குமாம். அதுதான் அவர் இடம். "ஐம்பத்துமூணு நாற்காலிக்குக் கோலி ஆள் கொண்டுவருது. அஞ்சு நாற்காலிக்கு ஜனாதிபதி கொண்டுவர்றாரு. என் ஸ்டூலுக்கு மட்டும் நானே நடந்து வரணும்" என்று சிரிப்பார். எங்கள் நாட்டில் ஓட்டுக்குச் சீட்டு இல்லை, கோலிதான்.

தலைநகர் பஞ்சூலில் பழைய கட்டடம் இருந்தபோது ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் இல்லாத நாள். உறுப்பினர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். "கனம் உறுப்பினர் அவர்களே, ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். மீன் சோறு என்றேன். "தீர்மானம் நிறைவேறியது!" அந்த வெறும் மண்டபத்தில் எங்கள் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது.

நகர வாசலில் இருக்கிற பெரிய வளைவுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டியபின் நான் போகவில்லை. அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றே இருந்துவிட்டோம்.

மார்ச் 21

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மன்றத் தேர்தல். ரேடியோ சொல்கிறது.

பெட்டியைத் திறந்து துணிமுடிச்சை எடுத்தேன். கோலி அப்படியே இருக்கிறது.

இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரி. எனக்கு முதல் ஓட்டு. கையில் ஒரு கண்ணாடிக் கோலியைக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். உள்ளே பீப்பாய்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒருத்தர் படம். படத்தில் இருந்த எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. பீப்பாயின் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயம். கோலியைத் துணி முந்தியில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே மணிச்சத்தம் கேட்பதற்கென்றே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மன்றத்து ஆள், தேர்தல் வேலைக்கு வந்தவர். "இந்தாம்மா, மணி கேக்கலையே!"

"உங்க காதுல பஞ்சா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாய்!

எண்ணும்போது ஒரு கோலி குறைந்தது. மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாம் தரம் கையில் கோலா கொட்டையோடு என் அப்பாவிடம் பெண் கேட்டு வந்தார். கல்யாணமான அன்று கோலியை நீட்டினேன். வாங்கவில்லை. "வாங்கிட்டா இங்க வர்றதுக்கு எனக்குக் காரணம் இல்லாம போயிடும்."

ஆனால் அவருக்கு அது உறுத்தல்தான். டிசம்பரில் ஜனாதிபதி தேர்தலுக்கு, கடைசியாகச் சாவடியில் உட்கார்ந்துவிட்டு வந்த அன்றைக்கும் சொன்னார்: "அந்த ஒரு ஓட்டையும் மன்றத்துல கொண்டுபோய்ச் சேர்த்துடணும், தீதா." பதினாறு நாளில் போய்விட்டார்.

நான்தான் சேர்க்க வேண்டும். எப்படி?

மார்ச் 27

சிரா அக்காவிடம் கேட்டேன். என் நாத்தனார். இத்தா முடியும்வரை என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

"ஓட்டா? என் தம்பி மண்ணு காயல, உனக்குப் பீப்பாய் கேக்குதா?"

"அவரும் ஒரு தேர்தல் விட்டதில்லக்கா."

"அவன் ஆம்பள. ஊர் என்ன பேசும்?"

எழுந்து வந்தேன். அடுப்பு அணைந்து போயிருந்தது.

ஏப்ரல் 5

நோன்பு மூன்றாம் நாள். அக்கா தானாகவே இமாமிடம் கேட்டு வந்திருக்கிறாள்! அவசியமான வேலைக்குப் பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றாராம். "கூட நானும் வருவேன். ஒரு ஆள்கிட்டயும் பேசக் கூடாது" என்றாள்.

ஏப்ரல் 9, சனி

போனேன். பள்ளிக்கூடத்தில் வரிசை. வெயில், நோன்புத் தாகம். தூரத்திலேயே சைக்கிள்களை நிறுத்திவிட்டார்கள். அந்த மணி இந்த மணியோடு கலந்துவிடக் கூடாது என்று. அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

அக்கா என் முந்தியில் முடிச்சைப் பார்த்துவிட்டாள். "என்னடி அது?"

சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டையும் போடப் போறியா? ரெண்டு மணி அடிச்சா கள்ள ஓட்டுன்னு பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. இத்தாவுல இருக்கறவ போலீஸ் ஸ்டேஷன்லயா போய் உக்காருவ? என் தம்பி மானம் என்னாகும்?"

திரைக்குப் பின்னால் நின்றேன். இடது கையில் பழைய கோலி. வலது கையில் புதுசு. போட்டுவிடலாமா? போட்டால் இன்றைக்குக் கணக்கு ஒன்று கூடும். அன்றைக்கு ஒன்று குறைந்ததற்கு அவர் பட்டது போதாதா? வெளியே மணி கேட்க உட்கார்ந்திருக்கிற பெண்ணும் பட வேண்டுமா? உள்ளே வரும்போது பார்த்தேன், சாவடியில் அவர் உட்காரும் இடத்தில் இப்போது அவள்தான் இருந்தாள், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு. அவரும் அப்படித்தான் சாய்ப்பார்.

புதுசை மட்டும் போட்டேன். ணிங்.

அந்த ஒரு சத்தத்துக்கு... அழுகை வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் கேட்ட சத்தம்.

வெளியே அக்கா. "ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றாள். வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

ஏப்ரல் 27

இத்தா முடிந்தது. குளித்தேன்.

மே 10

பஞ்சூலுக்குப் போனேன். அக்காவும் வந்தாள். மன்றத்து வாசலில் காவலர் மாலாங், அவரோடு வேலை பார்த்தவர். "கரமோ வீட்டம்மாவா? வாங்க, இன்னைக்குக் கூட்டம் இல்ல" என்று உள்ளே விட்டார்.

பெரிய மண்டபம். புது உறுப்பினர்களுக்காக நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். "எதுல வேணும்னாலும் உக்காருங்கம்மா" என்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் தரையில் சரியாகப் பட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உயரம்.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அவர்தான் தண்ணீர் ஊற்றுவாராம். முடிச்சை அவிழ்த்துக் கோலியை மண்ணில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. விரலால் அழுத்தி மூடினேன். மாலாங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா சைக்கிளிடம் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஒரே ஒரு தரம் அடித்தாள்.

தேத்தண்ணி போட்டேன்.