மெதுவானது உங்கள் கை அல்ல, மாமா

மாமா,

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்காக உங்கள் மகன் வாசலில் தூக்கி வைத்திருந்தார். கேபினட்டின் பக்கத் தகடு கழன்று கிடந்தது. கிட்டே போனதும் மூக்கில் ஏறியது, சூடேறிக் காய்ந்த தூசியின் அந்த வாசனை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் நீங்கள். ஓய்வு பெற்றபின், கடைக்குப் போய்வர மொபெட், மற்ற நேரம் வீடு என்று உட்கார்ந்தபோது, உங்கள் மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அதில் கார் ஓட்டும் கேம் ஒன்று இருப்பதை உங்களுக்குக் காட்டியது உங்கள் மருமகள் நான்தான். பந்தயத்திலும் இடது ஓரமாகவே போனீர்கள். பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டீர்கள். "மாமா, இது ரேஸு, முந்தணும்" என்று நான் சிரித்தால், "போவட்டும்மா, அவனுக்கு இன்னா அவசரமோ" என்பீர்கள். கடைசியாக வந்தாலும் வண்டியில் ஒரு கீறல் இருக்காது. உங்களுக்கு அதுதான் ஜெயிப்பு.

பிறகு உங்கள் மகன் புதிதாக ஒரு கேம் போட்டுக் கொடுத்தார். ரோடு, மரம், மலை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்தப் பழைய மெஷின் அதைத் தாங்கவில்லை. நீங்கள் பட்டனை அழுத்தினால் படம் அப்படியே உறைந்து நிற்கும். பிறகுதான் கார் திரும்பும். அதற்குள் சுவரில் மோதியிருக்கும். "பிரேக்கு புடிக்கலடா! நான் அப்பவே அமுக்கினேன்டா!" என்று கத்துவீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் உங்கள் மகன் சொன்னார்: "மெஷின் நல்லாத்தாம்பா இருக்குது. உனக்குத்தான் கை ஸ்லோ ஆயிடுச்சு. இனிமே நீ மொபெட்ட தொடாத." சொன்னதோடு நிற்காமல் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். ஒரு டிரைவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காத கை அது.

நீங்கள் அதை நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். தெருவைக் கடக்க என் தோளைத் தேடினீர்கள்.

கல்யாணத்துக்கு முன் நான் திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். குடும்பப் பெண்ணுக்கு அந்த வேலை எதற்கு என்று நிறுத்தினார்கள். நிறுத்தினால், கற்றதும் மறந்துவிடுமா என்ன? தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ராம் மெமரி அந்தக் காலத்து அளவு. படத்தை வேகமாகக் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. ஃபேன் இறக்கையில் கம்பளி போலத் தூசி. இந்த லட்சணத்தில் இருந்த மெஷினை வைத்துக்கொண்டு உங்கள் கையைக் குறை சொன்னாரே!

விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் மெஷினை மேலே தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேலைக்கு ஆவாதும்மா, புதுசு எடுத்துக்கினு போங்க" என்றார். புதுசு எடுக்க வழியிருந்தால் அவரிடம் எதற்குப் போகிறோம்? உங்களையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். டிரைவர் தெரிகிற சீட்டில் உட்கார்ந்தீர்கள். கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. உங்கள் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. அதற்கு அப்புறம்தான் பஸ் டிரைவர் பிரேக் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திண்டிவனத்தில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் தேடினோம். இப்போது வருகிற கார்டு அந்தப் பழைய போர்டில் பொருந்தாது. யாரோ கழற்றிப் போட்டிருந்த கார்டு ஒன்றையும் இரண்டு மெமரியையும் பேரம் பேசி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிராசஸர் சூடேறாமலிருக்கப் புது பேஸ்ட் தடவி, எல்லாவற்றையும் பொருத்தினேன். மெஷினுக்குப் பளு குறைய, கேமில் நிழல், வானம், தண்ணீர் எல்லாவற்றையும் குறைத்து வைத்தேன். "நெழலு போனா போவட்டும்மா, பிரேக்கு வரணும்" என்றீர்கள்.

வந்தது. அழுத்தியதும் நின்றது, திருப்பியதும் திரும்பியது. ஒரு சுற்று முழுவதும் எதிலும் உரசவில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி போடும்மா" என்றீர்கள்.

சாயங்காலம் உங்கள் மகனை இழுத்து வந்து காட்டினேன். "ஓ, ராம் போட்டியா?" என்றார். அவ்வளவுதான். சாவியைக் கேட்டேன். "கேமும் ரோடும் ஒண்ணா?" என்றார். எப்படி இருக்கிறது நியாயம்! கையைப் பழிக்க அந்த கேம் போதும், அதே கையை நம்ப மட்டும் போதாது. நான் பேச்சை வளர்த்தபோது நீங்கள்தான் தடுத்தீர்கள்: "உடும்மா. பேஜாரு வேணாம்."

நான் விடவில்லை. அடுத்த வாரம் அவருக்குத் தெரியாமல் பீரோவைத் திறந்து மொபெட் சாவியை எடுத்து உங்கள் கையில் வைத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். ஆனால் மொபெட்டை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கேமுல இடிச்சா யாரும் சாவ மாட்டாங்கம்மா" என்றீர்கள். கண்ணை மூடும்வரை அதில் ஏறவே இல்லை. மெஷினுக்குள் இருந்த கோளாறை என்னால் எடுக்க முடிந்தது, மாமா. உங்கள் மகன் உங்களுக்குள் போட்ட வார்த்தையை எடுக்க முடியவில்லை.

அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. போன வாரம் ஃபோனில் எதையோ அழுத்தி அழுத்திப் பார்த்தார், வரவில்லை. "சனியன், ஃபோன் ஸ்லோ ஆயிடுச்சு, மாத்தணும்" என்றார். தன் விரலின் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"ஃபோன் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் கை ஸ்லோ ஆயிடுச்சு" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சும்மா சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் இன்னும் சொல்லவில்லை, மாமா.