பத்து மதிப்பெண் தரையிறக்கம்

அனுப்புநர்:
துணை விமானி,
உள்நாட்டுச் சேவைப் பிரிவு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமான நிலைய நிர்வாக அலுவலகம்.

பொருள்: ஓடுதள வேலியோரம் மதிப்பெண் அட்டை காட்டுவதை நிறுத்தவும், சென்ற வார மழைத் தரையிறக்கத்தின் கேமரா பதிவைப் பாதுகாக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, வேலியோரம் நிற்பவர்களை விரட்டச் சொல்லி இதை எழுதவில்லை. அப்படிக் கேட்கும் மனு வேறு; அது எங்கள் ஓய்வறையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தகரம் அடித்து வேலியை மறைக்க வேண்டும் என்கிறது. "நாம என்ன சர்க்கஸா காட்டுறோம்?" என்றபடி சக விமானிகள் கையெழுத்திட்டார்கள். நான் இடவில்லை. "நீ யார் பக்கம்மா?" என்றார்கள்.

1. விமானம் பார்ப்பதே வேலியோரம் நிற்பவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஏணி, கேமரா, மடக்கு நாற்காலி சகிதம் வருவார்கள். சில மாதங்களாக, ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் பெரிய அட்டையில் எண் எழுதித் தூக்கிக் காட்டுகிறார்கள். ஓடுதளத்திலிருந்து திரும்பும்போது விமானி அறைக்கு அது நன்றாகத் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்போம்.

2. சக்கரம் தரை தொட்டதே தெரியாமல் இறக்குபவருக்கு அதிக எண். எங்கள் மூத்த கேப்டன் ஒருவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பஞ்சு'. அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

3. சென்ற வாரம், மாலை, நல்ல மழை. இறக்கியவர் அவர். அருகில் நான். ஈர ஓடுதளத்தில் அழுத்தி இறக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் தண்ணீரை விலக்கித் தரையைப் பிடிக்கும். அவர் மெதுவாக இறக்கப் பார்த்தார். விமானம் தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போனது. சக்கரம் பதிய வேண்டிய வெள்ளைப் பட்டைகள் எங்களுக்குக் கீழே கடந்து போயின. "கோ அரவுண்ட், சார்" என்றேன். இறங்க வேண்டாம், மறுபடி மேலேறுவோம் என்று பொருள். துணை விமானி சொன்னால் கேப்டன் கேட்டாக வேண்டும் என்பது விதி. "இரும்மா, இரும்மா" என்றார். மறுபடி சொன்னேன். பூப்போல இறக்கிவிட்டார். நின்றபோது ஓடுதளத்தின் கடைசிச் சிவப்பு விளக்குகள் மூக்குக்கு நேரே இருந்தன. அவற்றுக்கு அப்பால் சேறு. பின்னால் பயணிகள் கைதட்டினார்கள்.

4. திரும்பும் வழியில், குடைகளுக்கு நடுவே அட்டை: பத்து. "பாத்தியாம்மா?" என்றார் கேப்டன். நான் தரையிறங்கிய பிறகான சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கத் தொடங்கினேன்.

5. மறுநாளும் மழை. இறக்கியது நான். பயிற்சியில் சொல்லித் தந்தபடி, அழுத்தி. அட்டை: மூன்று.

விடுமுறையன்று வேலிக்குப் போனேன். அட்டை பிடிப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "அட, அந்த மூணு நீங்கதானா? கோவிச்சுக்காதீங்க மேடம். உள்ள இருந்தவங்களுக்குப் பல்லு ஆடியிருக்கும்ல?" எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, மழையில் ஏன் அப்படி இறக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது. "அப்போ பஞ்சு சாருக்கு நாங்க குடுத்த பத்து?"

பதில் வாய்வரை வந்தது. வெளியாளிடம் சொல்லக் கூடியதல்ல. உள்ளேயும் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் எங்கள் நிறுவனப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கை கொடுத்தேன். கேப்டன் மறுத்தால், என் சொல்லுக்கு எதிராக அவர் சொல். அவருடைய அனுபவம் என் வயதைவிட அதிகம்.

6. ஐயா, அவர்கள் எண்தான் காட்டினார்கள். அந்த எண்ணுக்காக விமானத்தை இறக்கத் தொடங்கியது நாங்கள். அந்த மூன்றுக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் தரை நெருங்கும்போது என் கை ஒரு கணம் தயங்குகிறது. பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கணத்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே, அட்டைகளை மட்டும் தடை செய்யுமாறும், தகரம் அடிக்க வேண்டாம் என்றும், நாளாக நாளாகத் தானே அழிந்துவிடும் என்று சொல்லப்படும் ஓடுதளக் கேமரா பதிவை உடனே எடுத்துவைத்து, எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பி உதவுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: விமானிகள் ஓய்வறை

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
துணை விமானி

பின்குறிப்பு: கேப்டனைப் பற்றி எழுதியிருப்பதால், நகலை முதலில் அவரிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "நாளைக்குக் காலை ஃப்ளைட்ல நாம ரெண்டு பேரும்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு மாடியேறி வந்து, இந்த வரிகளையும் சேர்த்து எழுதி, இதைத் தங்கள் அலுவலகத்தில் கொடுக்கிறேன்.